மதுவை வேண்டாத திருநர் மாணாக்கர்

மதுபானத்தைப் பற்றிக் கல்லூரி மலர்களில் எழுதப் புகுவோர் அதன் தீமைகளை அடுக்கிக் கூறி, இளைஞர்க்கு அறிவுரை பகர்ந்து அமைவது வழக்கம். நாம் ஈண்டு அந்நெறியிற் செல்லக் கருதவில்லை. குடிப்பவர் ஏன் குடிக்கின்றனர் என்னும் வினாவை உலகம் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றது. குடியாதவர் ஏன் குடிப்பதில்லை என்று கேட்பவர் அரியர். அதிலும், ஆண் பெண் என்னும் இருவகையுள் எளிதில் அடங்காத மாணாக்கர் மதுவை மறுக்கும்போது, அம்மறுப்பின் காரணத்தை உசாவியறிய முயன்றோர் மிகச் சிலரே. மாணவர் வாழ்க்கை மதுவோடு இறுகப் பிணைந்து கிடக்கும் நாடு பிரிட்டன். நம் கல்லூரிகளில் பட்டம் பெற்று மேற்படிப்புக்காக அந்நாடு செல்வாரும் பலர் உளர். ஆதலின் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களையே நிலைக்களமாகக் கொண்டு இப்பொருளை ஆராய்வோம்.

முதற்கண் இவர் யாவர் என்பதைத் தெளிந்துகொள்வோம். பிறந்த ஞான்று பதிவு செய்யப்பெற்ற பாலினத்திற்கு வேறாகத் தம்மை உணர்வோரைத் திருநர் என்கின்றோம். இவருள் திருநங்கையர் உளர், திருநம்பியர் உளர், இரண்டனுள் ஒன்றையும் தமக்குரியதாகக் கொள்ளாதாரும் உளர். இத்தகையோர் இக்காலத்தில் புதிதாகத் தோன்றியவர் என்று எண்ணுவோர்க்குத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை நினைவூட்டுதல் தகும். ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர்க்குத் தனியீறு இல்லையென்றும், அது உயர்திணைக்குரிய ஏனை ஈறுகளையே ஏற்று முடியுமென்றும் அந்நூலின் கிளவியாக்கம் விதிக்கின்றது. தமக்கென ஓரீறு இன்மையால் பிறருடைய ஈற்றைக் கடன்கொள்ளும் இந்நிலை இலக்கணத்தோடு முடியவில்லை என்பது பின்னர் விளங்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 இல் எடுத்த குடிக்கணக்கில் முதன்முறையாகப் பாலின உணர்வைப் பற்றிய வினா இடம்பெற்றது. ஏறத்தாழ 2,62,000 பேர், அஃதாவது நூற்றுக்கு அரைப்பங்கினர், தம் பாலினம் பிறப்புப் பதிவினின்று வேறென்று விடையிறுத்தனர். அவ்வினாவைச் சிலர் பிழைபட உணர்ந்திருக்கக்கூடும் என்று கணக்கெடுத்த அலுவலகமே பின்னர் ஒப்புக்கொண்டமையின், இத்தொகையை ஒருவாறாகவே கொள்ளல் வேண்டும்.

பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்திற் புதிதாகச் சேரும் மாணாக்கர் முதல் வாரத்திலேயே மதுவை எதிர்ப்படுகின்றனர். மாணவர் சங்கக் கட்டடத்தில் மதுச்சாலை இருக்கின்றது. சதுரங்கக் கழகமாயினும் நாடகக் கழகமாயினும் கூட்டம் முடிந்தபின் அனைவரும் அருகிலுள்ள மதுச்சாலைக்குச் செல்வர். நட்பு உண்மையில் அங்கேதான் முகிழ்க்கின்றது. பதினெட்டு வயது நிரம்பினார்க்குச் சட்டத்தின் தடையுமில்லை. இவ்வழக்கம் முன்போல் இறுகிய பிடியோடு இன்று இல்லையென்பதும் உண்மை. இங்கிலாந்தில் 16 முதல் 24 வயது வரையுள்ளாருள் மதுவருந்தாதார் 2005 இல் நூற்றுக்குப் பதினெண்மராக இருந்து, 2015 இல் இருபத்தொன்பதின்மராகப் பெருகினர் என ஆய்வொன்று காட்டுகின்றது. எனவே மதுவை மறுக்கும் திருநர் மாணாக்கர் தம் தலைமுறையினின்று முற்றும் விலகி நிற்பவரல்லர். ஆயினும் அவர்க்கெனச் சில காரணங்கள் உள. அவற்றை உணர, மதுச்சாலை அவர்க்கு எவ்வாறு இன்றியமையாத இடமாயிற்று என்னும் வரலாற்றையும் சிறிது அறிதல் வேண்டும்.

அவ்வரலாறு அமெரிக்காவில் தெளிவாகப் பதிவாகியுள்ளது. தன்பாலினத்தாரை ஈர்க்கும் விருப்பினரும் திருநரும் வெளிப்படையாக ஒன்றுகூட இடமில்லாத காலத்தில், இரவில் திறந்திருக்கும் மதுச்சாலைகளே அவர்க்குப் புகலிடமாயின. அங்கும் இடையூறு இருந்தது. 1966 ஏப்ரல் 21 ஆம் நாள் நியூயார்க்கில் ஆடவர் சிலர் ஜூலியஸ் என்னும் மதுச்சாலையுட் புகுந்து, தாம் தன்பாலின விருப்பினர் என்று அறிவித்து மது கேட்டனர். ஊற்றுவோன் கோப்பையின் வாயைத் தன் கையால் மூடிவிட்டான். அக்காட்சி நிழற்படமாகவும் எடுக்கப்பட்டுள்ளது. ஒரு கோப்பை மதுவைப் பெறுதலே அன்று குடிமையுரிமையின் அடையாளமாயிற்று. ஆனால் திருநங்கையரோ, அம்மதுச்சாலைகள் பலவற்றிலும் வரவேற்கப்படவில்லை. ஸான் பிரான்ஸிஸ்கோவில் அவர்கள் கூடிய இடம் காம்ப்டன் என்பாரின் இரவு உணவுச்சாலை. அதே 1966 ஆகஸ்டில், தம்மைப் பிடிக்கவந்த போலீஸ்காரன் முகத்தில் ஒருத்தி காப்பியை வீசியதே அங்கு மூண்ட கலகத்தின் தொடக்கம் என்பர். 1969 ஜூனில் ஸ்டோன்வால் என்னும் மதுச்சாலையில் எழுந்த கிளர்ச்சியை உலகம் அறியும். அதற்கு மூன்றாண்டு முந்தியதாகிய இந்தக் காப்பிக் கலகத்தை அறிந்தார் சிலரே. ஜூலியஸில் மது கேட்டவருள் ஒருவராகிய கிரெய்க் ராட்வெல் அடுத்த ஆண்டே, 1967 இல், ஒரு புத்தகக்கடையைத் திறந்தனர் என்பதையும் ஈண்டு நினைத்தல் நன்று. கோப்பைக்காக வழக்காடிய கையே, கோப்பையில்லாத ஓரிடத்தையும் அமைத்தது.

இனி மாணாக்கரின் காரணங்களைக் காண்போம். ஆய்வாளர் அவரோடு நிகழ்த்திய உரையாடல்களினின்றும், அவர் தாமே எழுதியவற்றினின்றும் அறியலாவனவற்றுள் முதன்மையானது, தம் வயத்திலேயே தாம் இருத்தல் வேண்டும் என்னும் விருப்பம். மது செய்யும் முதல் வேலை காவலைத் தளர்த்துவது. பிறர்க்கு அத்தளர்ச்சி இன்பமாக இருக்கலாம். ஒரு திருநங்கை மாணவியோ, பலமாதம் பயின்று தன் குரலை அமைத்துக்கொண்டிருப்பாள். அக்குரல் இடைவிடாத கவனத்தால் நிற்பது. இரண்டு கோப்பை உள்ளே சென்றதும் கவனம் தளரக் குரலும் பழைய நிலைக்கு இறங்கும். அதனைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கும் அயலான் எத்தகையவனோ! நடையும் அத்தகையதே, தன்னை முறைத்துப் பார்ப்பவர் யாரென்று கண்டு விலகும் கூர்மையும் அத்தகையதே. நள்ளிரவில் விடுதிக்குத் தனியே திரும்பும்போது அக்கூர்மையே துணை. இவர்க்குத் தம் குடி மட்டுமன்று, பிறர் குடியும் அச்சந் தருவதாகும். பகலில் மரியாதையோடு பழகும் நண்பன் இரவில் மயங்கிய நிலையில், அவளை 'அவன்' என்று சுட்டிவிடுகின்றான். தமிழில் 'அவர்' என்னும் ஒரு சொல் பல இடர்களைத் தீர்த்துவிடுகின்றது. ஆங்கிலத்தில் ஒருமையில் ஒருவரைச் சுட்டும்போதெல்லாம் பால் வெளிப்பட்டு நிற்கின்றமையின், நாப்பிழை அங்கு எளிது. பன்மைக்குரிய சொல்லையே ஒருமைக்கும் வழங்குமாறு சிலர் வேண்டுகின்றனர்; குடித்த நாவிற்கு அது மேலும் அரிது.

மதுச்சாலையின் வாயிலே பலர்க்கு முதற்றடை. இருபத்தைந்து வயதிற்குக் குறைந்தவராகத் தோன்றும் யாவரிடமும் வயதுச் சான்று கேட்கும் முறை அந்நாட்டில் பரவியுள்ளது. ஸ்காட்லாந்தில் 2011 அக்டோபர் முதல் அது சட்டத்தாலேயே கட்டாயமாயிற்று. மாணாக்கர் காட்டுவது பெரும்பாலும் வண்டியோட்டும் உரிமச்சீட்டு. அச்சீட்டில் ஆண் பெண் என்று வெளிப்பட எழுதியிராவிடினும், அதன் எண்ணுள் பாலினம் மறைந்திருக்கின்றது. பிறந்த மாதத்தைக் குறிக்கும் ஈரிலக்கத்தின் முன்னிலக்கத்தோடு பெண்டிர்க்கு 5 கூட்டப்படும். மார்ச்சில் பிறந்த ஆணுக்கு 03, பெண்ணுக்கு 53. கடவுச்சீட்டிலோ ஆண், பெண் என்னும் இரண்டெழுத்தே உண்டு. மூன்றாவதொரு குறியீடு வேண்டுமென்று தொடுத்த வழக்கை அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2021 டிசம்பரில் ஏற்க மறுத்தது. பழைய பெயரும் பழைய படமும் உள்ள சீட்டை, வரிசையில் நண்பர் பின்னிற்க, காவலாளன் கையிற் கொடுத்து அவன் முகக்குறிப்பை நோக்கி நிற்பதினும், 'எனக்கு மது வேண்டா' என்று கூறி அறையிற் புத்தகத்தோடு அமர்தல் எளிதன்றோ? உட்புகுந்தபின் எந்தக் கழிப்பறைக்குச் செல்வது என்னும் கவலை வேறு. சமத்துவச் சட்டத்திற் பயிலும் 'பெண்' என்னுஞ் சொல் பிறப்புவழிப் பாலினத்தையே குறிக்கும் என்று 2025 ஏப்ரலில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் அக்கவலை மிகுந்திருக்கின்றது. நீர் அருந்தாதிருந்தால் அவ்வறைக்குச் செல்லவேண்டியதில்லை என்று கணக்கிடுவாரும் உளர் என்றறியும்போது நம் மனம் வருந்துகின்றது.

அடுத்தது உடல்பற்றிய காரணம். திருநருட் பலர் ஹார்மோன் மருந்து உட்கொள்வர். அம்மருந்து உட்கொள்வோர் மதுவை அறவே தொடலாகாது என்பது பொதுவிதியன்று; இதனை மிகைப்படுத்திக் கூறுதல் தகாது. ஆயினும் வாய்வழி உட்கொள்ளும் ஈஸ்ட்ரோஜனை மாற்றி வெளியேற்றும் உறுப்பு கல்லீரல். மதுவைக் கையாள்வதும் அதுவே. சிலர்க்குக் கொடுக்கப்படும் ஸ்பைரனோலாக்டோன் என்னும் மருந்து சிறுநீரைப் பெருக்கி இரத்த அழுத்தத்தைக் குறைப்பது. அதனோடு மதுவுஞ் சேர்ந்தால் தலைசுற்றல் மிகும். மனச்சோர்வுக்கும் உறக்கமின்மைக்கும் மருந்துண்பார் மதுவோடு அவற்றைக் கலத்தலின் கேட்டை வைத்தியரே எச்சரிப்பர். இவற்றினும் வலியதொரு காரணம் காத்திருப்பு. பிரிட்டனின் அரசினர் மருத்துவத்துறையில் பாலின மருத்துவ நிலையத்தை அணுக விரும்புவோர், பதினெட்டு வாரத்துட் காணப்படுதல் வேண்டுமென்பது விதியாயினும், பல ஆண்டுகள் காத்திருக்கின்றனர். அங்ஙனம் காத்திருந்து பெற்ற மருந்தை ஒரு வெள்ளிக்கிழமை இரவிற்காக இடர்ப்படுத்த யாருக்கு மனம் வரும்? தமக்குரியதென்று அண்மையில்தான் உணரத் தொடங்கிய உடலை நன்கு பேணவேண்டும் என்னும் ஆர்வமும் இதனுள் அடங்கும்.

கோப்பைக்கும் பால் உண்டு என்பது நம் நாட்டார்க்கு வியப்பாகத் தோன்றும். பிரிட்டனில் ஒரு பைண்ட், அஃதாவது 568 மில்லிலிட்டர் பீர், ஆடவர்க்குரியதாகவும், ஒயினும் நிறங்கலந்த இனிய பானங்களும் பெண்டிர்க்குரியனவாகவும் கருதப்பட்டு வந்தன. லண்டனில் பத்திரிகையாளர் கூடும் எல் வீனோ என்னும் ஒயின்சாலையில், பெண்டிர் முன்மேடையருகே நின்று மது பெறலாகாது, பின்னறையில் அமர்ந்தே பெறவேண்டும் என்றொரு விதி இருந்து, 1982 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் வீழ்த்தப்பட்டது என்றால், இக்கருத்தின் வேரூன்றிய வலிமை தெரியும். கிளாஸ்கோ காலிடோனியன் பல்கலைக்கழகத்துக் கரோல் எம்ஸ்லி முதலியோர் ஸ்காட்லாந்தில் இத்தகைய மக்களோடு குழுக்குழுவாக உரையாடி 2017 இல் வெளியிட்ட ஆய்வொன்று, எதை எவ்வகைக் கோப்பையில் அருந்துவது என்பது பாலின அடையாளத்தோடு எவ்வளவு பின்னிக்கிடக்கின்றது என்பதைக் காட்டுகின்றது. திருநம்பி ஒருவன் பைண்ட் கேட்டால், தன் ஆண்மையை நிறுவ முயல்கின்றான் என்பர். இனிய பானங் கேட்டால், பழைய பெண்மை போகவில்லை என்பர். இரண்டனுட் படாத மாணாக்கரோ எதைக் கேட்டாலும் ஒரு பக்கத்திற் சேர்க்கப்படுகின்றனர். தண்ணீர்க்குப் பாலில்லை. எலுமிச்சைத் துண்டமிட்ட சோடாவைக் கையிற் பிடித்துக்கொண்டால், 'ஏன் குடிக்கவில்லை?' என்று கேட்பாரும் குறைவர். இவ்வுபாயத்தை எல்லா நாட்டு மதுவிலக்காளரும் அறிவர் போலும்.

மேலே கூறிய கடன்கொண்ட ஈறு இங்கே மீண்டும் வருகின்றது. மதுவை அளக்கும் கோல்களே ஈரினத்தை நோக்கி அமைந்தவை. பிரிட்டனில் ஒரு யூனிட் என்பது எட்டு கிராம் தூய சாராயம். 1987 இல் வைத்தியச் சங்கங்கள் வாரத்திற்கு ஆடவர்க்கு 21 யூனிட், பெண்டிர்க்கு 14 என்று எல்லை வகுத்தன. 2016 இல்தான் இருபாலார்க்கும் 14 என்று ஒன்றாக்கப்பட்டது. அமெரிக்கரோ, ஏறத்தாழ இரண்டு மணிநேரத்துள் ஆண் ஐந்து அளவும் பெண் நான்கு அளவும் அருந்துவதை மிகுகுடி என்பர். உடலின் நீரளவும் பருமனும் பாலின்படி வேறுபடும் என்பதே இதற்குக் கூறும் நியாயம், அது பொய்யன்று. ஆனால் ஹார்மோன் மருந்தால் உடலின் தசையும் கொழுப்பும் மாறிவருவாரை எக்கோலால் அளப்பது? வைத்தியசாலைப் படிவம் ஒன்று, 'பெண்ணாயின் ஆறு யூனிட்டோ அதற்கு மேலோ, ஆணாயின் எட்டோ அதற்கு மேலோ ஒரே வேளையில் எத்துணை முறை அருந்தினீர்?' என்று வினவுகின்றது. இப்படிவத்தை நிரப்பும் மாணாக்கர் தம் குடியை அறிவிக்குமுன் தம் பாலினத்தை அறிவிக்க வேண்டியவராகின்றனர். பாதுகாப்பான அளவு இதுவென்று தமக்கு யாரும் சொல்ல இயலாத நிலையில், சிலர் சுழியத்தையே தம் அளவாகக் கொள்கின்றனர்.

முன்னர் மிகக் குடித்துப் பின்னர் நிறுத்தியவரும் இவருள் உளர். சிறுபான்மையினராக வாழ்வதனாலேயே உண்டாகும் மனவழுத்தம் உடல்நலத்தைக் கெடுக்கும் என்னும் கொள்கையை, 1981 இல் வர்ஜீனியா புரூக்ஸ் என்பாரும், 2003 இல் ஐலன் மேயர் என்பாரும் விரித்தெழுதினர். அதனை மேலோட்டமாகக் கற்றோர், 'இவர் துன்பத்தை மறக்கக் குடிப்பர்' என்று ஒரேயடியாக முடிவு கட்டிவிடுகின்றனர். சிலர் திறத்து அது மெய்யே. ஆனால் அத்துன்பத்தின் வேர், தாம் இன்னாரென்று வெளிப்படச் சொல்ல இயலாமையாக இருந்தால், சொல்லியபின் மதுவின் தேவையும் குறைகின்றது. கண்ணாடியில் தம் முகத்தைக் காண அஞ்சிக் குடித்தவர், கண்ணாடியிற் காண விரும்பும் முகம் தோன்றத் தொடங்கியதும் கோப்பையைக் கீழே வைப்பது இயல்புதானே. வேறு சிலர் தம்மின் மூத்த தலைமுறையினர் மதுச்சாலையைத் தவிர வேறிடம் அறியாமல் அதனாலேயே அழிந்தமையைக் கண்டு விலகினவர். சமயநெறிபற்றி விலகினாரும் உளர். திருநராயினார் சமயத்தை விட்டவராகத்தான் இருப்பர் என்பது நம்முட் பலர்க்குள்ள பிழையான எண்ணம்.

மதுவிலக்கு என்றதும் நம் நினைவு 1937 இல் சேலம் ஜில்லாவிற் புகுத்திய சட்டத்திற்கும், 1830 களில் லங்காஷயரின் பிரெஸ்டன் நகரில் உழைப்பாளிகள் கையெழுத்திட்ட உறுதிமொழிக்குமே செல்லும். நம்போன்ற மிஷன் கல்லூரிகள் இவ்விரண்டாவதன் வழியில் வந்த பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்தவை. அவ்விரு முயற்சிகளிலும் மதுவை விடுதல் ஓர் அறமாகவே போற்றப்பட்டது. இம்மாணாக்கரின் மறுப்பையும் அங்ஙனமே போற்றிவிடலாமா என்று நாம் எண்ணிப் பார்த்தோம், இயலவில்லை. ஏனெனில் இவருள் இருதிறத்தார் உளர். மதுவின்றியும் தாம் மகிழ்ந்திருக்க இயலும் என்று தெளிந்து விட்டவர் ஒருதிறத்தார். அவர்தம் மறுப்பு விடுதலையின் பயன். மற்றொரு திறத்தார், குடிக்க விரும்பினும், காவல் தளர்ந்தால் யாது நேருமோ என்று அஞ்சி விடுபவர். அவர் மகிழ்வதற்குரிய இரவிலும் தம்மைத் தாமே காவல்காத்து நிற்கின்றனர். வெளியிலிருந்து காண்பார்க்கு இருவர் கையிலும் இருப்பது ஒரே சோடாக் கோப்பை. கல்லூரித் தலைவரொருவர் அதனைக் கண்டு, 'நம் மாணாக்கர் எவ்வளவு ஒழுக்கமுடையர்!' என்று மகிழ்வாராயின், அவர் ஒருவருடைய அச்சத்தைப் புண்ணியமாக எண்ணிவிட்டவராவர். ஒரே மாணாக்கர் ஒருவாரம் முதற்றிறத்தாராகவும் மறுவாரம் இரண்டாந் திறத்தாராகவும் இருத்தலும் கூடும். நாம் இங்கே வரைந்த கோடு அவ்வளவு நேரானதன்று.

இவ்வேறுபாட்டை உணர்ந்த இடங்களில் சிற்சில மாற்றங்கள் காணப்படுகின்றன. மாணவர் கழகங்கள் சில தம் கூட்டங்களை மதுச்சாலையினின்று தேநீர்ச்சாலைக்கும் நூலக அறைக்கும் மாற்றியுள்ளன. லண்டனில் 'பீரில்லாப் பால்புதுமையர்' என்று பொருள்படும் பெயரோடு ஒரு கூட்டத்தார் மதுவின்றிக் கூடுகின்றனர். குடியை விட்ட மாணாக்கர்க்குப் பல்கலைக்கழகத்துள்ளேயே துணைபுரியும் ஏற்பாடு அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் 1977 இல் தொடங்கியது. ரட்கர்ஸில் 1988 இல் அவர்க்கெனத் தனி விடுதியே அமைந்தது. லண்டன் பல்கலைக்கழகத்திற்குச் சிறிது தொலைவில் மார்ச்மாண்ட் தெருவில் 1979 இல் திறந்த 'கேஸ் தி வேர்ட்' என்னும் புத்தகக்கடை இன்றும் நடக்கின்றது. 1984 இல் சுங்க அதிகாரிகள் புகுந்து நூல்களைப் பறித்துச் சென்றபோதும் அது மூடவில்லை. அங்கே ஒருவர் மணிக்கணக்காக நிற்கலாம். எவரும் சீட்டுக் கேட்பதில்லை. இவையெல்லாம் எண்ணிக்கையிற் சிறியன. பெரும்பாலான நகரங்களில் மாலை ஆறு மணிக்குமேல் திறந்திருக்கும் வாயில் இன்னும் மதுச்சாலையின் வாயிலே.

ஆய்வாளர் குடிப்போரையே எண்ணுவதும் இவர் மறைந்துகிடத்தற்கு ஒரு காரணம். உலகச் சுகாதார நிறுவனம் 1989 இல் வெளியிட்டு, இன்றும் பல நாடுகளில் வழங்கும் பத்து வினாக்கள் கொண்ட சோதனைப் படிவம் ஒன்று உண்டு. அதன் முதல் வினா, 'எத்துணை முறை மதுவருந்துகின்றீர்?' என்பது. 'ஒருபோதும் இல்லை' என்று விடையிறுப்பாரை அப்படிவம் இடையிலுள்ள வினாக்களைத் தாண்டி நேரே ஒன்பதாம் வினாவிற்கு அனுப்பிவிடுகின்றது. பத்தனுள் எதிலும் 'ஏன்' என்னும் வினா இல்லை.